மிருதங்கம் செய்த குடும்பம்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டிக் கெடாரில் ஆற்றிய உரை)

 

'கல்வியும் நம் முன்னேற்றமும்' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். அப்பொருளைப் பேச வல்லார் இம்மேடையில் எனக்கு முன்னும் பின்னும் அமர்ந்திருக்கின்றனர். இருபத்தைந்து ஆண்டுகளில் எத்தனை பேர் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் அரசுப் பணியில் அமர்ந்தனர் என்னும் கணக்கினை அவர்கள் முறையாக எடுத்துரைப்பார்கள். அக்கணக்கில் வராத ஒன்றை நான் சொல்ல விரும்புகிறேன். அது என்னுடைய பிழை ஒன்றிலிருந்து தொடங்குகிறது.

பல ஆண்டுகளுக்கு முன்னர், நான் ஆசிரியனாகப் பணியாற்றிய ஊரொன்றில், பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருந்தான். நம் இனத்துப் பிள்ளை, கணக்கில் கெட்டிக்காரன். அவனுடைய தந்தையார் பறைக்கும் பம்பைக்கும் உடுக்கைக்கும் தோல் கட்டுபவர். செஞ்சிப் பக்கத்துத் தெருக்கூத்துக் குழுவினர் தம் மிருதங்கங்களை அவரிடமே கொண்டுவந்து சரிசெய்துகொள்வார்கள். பையன் இரவெல்லாம் தந்தைக்கு உதவி செய்துவிட்டுக் காலையில் பள்ளிக்கு வருவான். நகக் கண்களில் கருமை படிந்திருக்கும். சட்டையில் தோலின் வாடை இருக்கும். அவன் அமரும் பலகையில் மற்றப் பிள்ளைகள் அமர மறுத்தார்கள். ஒருநாள் நான் அவனைத் தனியே அழைத்து, "தம்பி, இந்தக் கையை நன்றாகக் கழுவு. இனிமேல் அந்த வேலையைத் தொடாதே. உன் அப்பாவிடம் நானே சொல்கிறேன்" என்றேன். சொன்னபடியே அவர்கள் வீட்டுக்கும் சென்றேன். அந்தப் பெரியவர் எழுந்து நின்று, தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "சரிங்க ஐயா, இந்த நாத்தம் எங்களோடயே போவட்டும்" என்றார்.

நான் கண்டித்திருக்க வேண்டியவர்கள் பலகையை விட்டு எழுந்த பிள்ளைகள். நானோ கையைக் கழுவச் சொன்னேன். இதனை அன்று நான் உணரவில்லை. பையன் படித்தான், தேர்வெழுதினான், இன்று ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறான். பல மேடைகளில் இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்பெரியவர் காலமானார். கருமாதி முடிந்த மறுவாரம் அவன் என் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு சாக்குப் பை. அதற்குள் இரண்டு கத்திகள், வழவழப்பான ஓர் உருண்டைக் கல், வார் இழுக்கும் கட்டை, தகர டப்பா ஒன்றில் கரும்பொடி. "ஐயா, கூத்துக்காரர் ஒருவருடைய மிருதங்கம் அப்பாவிடம் பாதி வேலையில் நின்றுபோய்விட்டது. இந்தப் பொடிக்கு எவ்வளவு சோறு சேர்த்துப் பிசைய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்பதற்கு ஆளில்லை. நீங்கள் படித்தவர், எந்தப் புத்தகத்தில் இருக்கிறது, சொல்லுங்கள்" என்றான். அவன் கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டான். முப்பதாண்டுக்கு மேலாகப் பாடம் சொல்லித்தரும் எனக்கு விடை தெரியவில்லை.

அதன் பிறகு இவ்வேலையைப் பற்றி அச்சில் வந்தவற்றைத் தேடிப் படிக்கலானேன். அப்போது என் கைக்குக் கிடைத்ததுதான் டி. எம். கிருஷ்ணா என்னும் கருநாடக இசைப் பாடகர் ஆங்கிலத்தில் எழுதி 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்னும் நூல். 'செபாஸ்டியன் குடும்பக் கலை' என்று தமிழிலும் அது வந்திருக்கிறது. பாடகர்களைப் பற்றியும் வாசிப்பவர்களைப் பற்றியும் எழுதப்பட்ட நூல்கள் எத்தனையோ உள. இது மிருதங்கத்தைச் செய்தவர்களைப் பற்றியது. அவர்களுள் பெரும்பாலோர் யார் தெரியுமா? நம்மவர்கள், தலித் கிறித்தவர்கள்.

தஞ்சாவூரைச் சேர்ந்த செபாஸ்டியன் என்பவர். ஊர் வழக்கில் செவித்தியான். அவருக்குப் பின் அவருடைய பிள்ளைகள். அவர்களுக்குப் பின் பேரர்கள் என்று தலைமுறை தலைமுறையாக அக்குடும்பத்தார் இத்தொழிலைக் கைவிடாமல் காத்து வந்திருக்கின்றனர். தஞ்சையிலும் சென்னையிலும் அக்குடும்பத்தின் கிளைகள் பரவின. அவர்களுள் பர்லாந்து என்பவர் பெரும்புகழ் வாய்ந்த பாலக்காடு மணி ஐயருக்குப் பல பத்தாண்டுகள் மிருதங்கம் செய்து கொடுத்தவர். மணி ஐயர் 1912-இல் பிறந்து 1981-இல் மறைந்தவர். சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருதினை 1966-இல் பெற்றார். மிருதங்கக் கலைஞர் ஒருவர்க்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதன்முறை. 1971-இல் பத்மபூஷண் விருதும் பெற்றார். அவர் வாசித்த நாதத்தை வியக்காத இசைவாணர் இல்லை. அந்த நாதத்தின் ஒரு பாதி விரல்களில் இருந்தது. மறுபாதி பர்லாந்தின் பட்டறையில் இருந்தது. மணி ஐயர் தமக்கு என்ன நாதம் வேண்டும் என்பார். பர்லாந்து அதனைத் தோலில் கொண்டுவந்து காட்டுவார். சரியில்லை என்றால் பிரித்து மீண்டும் கட்டுவார். இருவரும் இப்படிப் பேசிப் பேசியே ஒரு கருவியை வளர்த்தெடுத்திருக்கின்றனர். ஒருவரை உலகம் அறிந்தது. மற்றவரை அறிவதற்கு 2020 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இளைஞர்களே, இவ்வேலை எத்தகையது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். 'தோல் வேலைதானே' என்று சொல்பவர்கள் இதனைக் கேட்க வேண்டும்.

மிருதங்கத்தின் உடல் பலாமரத்தால் ஆனது. பலாவுக்குப் பெயர்போன பண்ருட்டி நமக்கு அண்டை ஊர். பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் நம்மோடு இருந்தது. அப்பகுதிப் பலாமரம் மிருதங்கத்துக்கும் வீணைக்கும் பெயர் பெற்றது. மரத்தைக் குடைந்து, இருபுறமும் வாய் திறந்த பீப்பாய் போலச் செய்கிறார்கள். வலப்பக்கத்து வாய் சிறியது. இடப்பக்கத்து வாய் பெரியது. வலப்பக்கத்துக்கு வலந்தலை என்றும், இடப்பக்கத்துக்குத் தொப்பி என்றும் பெயர். ஒவ்வொரு வாய்க்கும் தோல்களை அடுக்கிப் பின்னிச் செய்யும் மூடிக்கு மூட்டு என்று பெயர். மாட்டுத் தோல், ஆட்டுத் தோல், எருமைத் தோல் மூன்றும் இதில் வெவ்வேறு இடங்களில் பயன்படுகின்றன. எது மேலே வர வேண்டும், எது உள்ளே இருக்க வேண்டும், எதனை வளையமாக வெட்ட வேண்டும், எதனை முழுத் தட்டாக விட வேண்டும் என்பதற்கெல்லாம் முறை உண்டு. இரண்டு மூட்டுகளையும் எருமைத் தோல் வாரால் இழுத்துக் கட்டுகிறார்கள். கட்டும்போது சுற்றிலும் இழுப்பு ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஓரிடத்தில் சற்றுத் தளர்ந்தாலும் அவ்விடத்தில் சுருதி இறங்கிவிடும். இதற்கு அளவுகோல் கிடையாது. காதும் தோள்வலியுமே அளவுகோல்.

இவற்றினும் அரியது வலந்தலையின் நடுவிலுள்ள அந்தக் கருவட்டம். இரும்புச் சத்துள்ள ஒருவகைக் கல்லைப் பொடித்துச் சலித்து, வடித்த சோற்றோடு சேர்த்துப் பிசைந்து பூசுகிறார்கள். அதற்குச் சோறு என்றே பெயர். கரணை என்றும் கூறுவர். ஒருமுறை மெல்லிதாகப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து உலர்த்த வேண்டும். அதன்மேல் மீண்டும் பூசித் தேய்க்க வேண்டும். இப்படிப் பலமுறை. நடுவில் தடித்தும் ஓரத்துக்குச் செல்லச் செல்ல மெலிந்தும் அது அமைய வேண்டும். அவசரப்பட்டால் வெடித்து உதிரும். மழைக்காலத்தில் ஈரம் வாங்கும், வெயிலில் பிளக்கும். ஒவ்வொரு பூச்சுக்கும் பிறகு தட்டிக் கேட்டு, போதுமா போதாதா என்று முடிவு செய்பவர் அந்தத் தொழிலாளரே. கச்சேரிக்கு முன்பு வாசிப்பவர் கல்லும் கட்டையும் கொண்டு சுருதியைச் சற்று ஏற்றலாம், இறக்கலாம். ஆனால் கரணை கெட்டுவிட்டால் எத்தகைய மேதையும் இவருடைய வாசலுக்கு வந்தே ஆகவேண்டும்.

இந்தச் சோற்றுப் பூச்சைப் பற்றி ஆராய்ந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? 1930-இல் நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன். அப்பரிசுக்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1920-ஆம் ஆண்டில், இங்கிலாந்திலிருந்து வரும் 'நேச்சர்' இதழில் அவர் உடனாய்வாளர் ஒருவரோடு சேர்ந்து இதுபற்றி எழுதினார். 1934-இல் இன்னும் விரிவாக எழுதினார். அவர் கண்டது இதுதான். வீணைத் தந்தியை மீட்டினால் மூல ஒலியோடு அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வுள்ள ஒலிகளும் எழுகின்றன. அவை ஒன்றோடொன்று இசைவதால் நம் காதுக்கு ஒரு சுரம் கேட்கிறது. வெறும் தோலைத் தட்டினால் எழும் ஒலிகள் அவ்வாறு முழு மடங்குகளாக அமைவதில்லை. ஆகவே ஓசை கேட்குமே ஒழியச் சுரம் தெளிவாகக் கேட்காது. தோலின் நடுவில் தடித்து ஓரத்தில் மெலியும் அந்தக் கரும்பூச்சு ஏறியதும், கலைந்து கிடந்த ஒலிகள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்னும் மடங்குகளாக ஒழுங்குபட்டு நிற்கின்றன. தோல் தந்தியைப் போலப் பேசுகிறது! இராமன் ஆய்வுக்கூடத்தில் அளந்து கண்ட ஒழுங்கினை, எழுத்தறியாத நம் தாத்தாக்கள் காதால் கேட்டுக் கையால் செய்துகொண்டிருந்தார்கள். என் மாணவனுடைய நகக் கண்ணிலிருந்து நான் கழுவச் சொன்ன கருமை அதுவே.

இவ்வளவு அறிவும் நிறைந்த வேலைக்குக் கிடைத்த மரியாதையையும் சொல்ல வேண்டும். கச்சேரி அழைப்பிதழில் பாடகர் பெயர் வரும். வயலின்காரர் பெயர் வரும். மிருதங்கம் வாசிப்பவர் பெயர் வரும். மிருதங்கம் செய்தவர் பெயர் வருவதில்லை. தோலைத் தொடுபவன் தீண்டத்தகாதவன். அவன் தொட்ட தோலை மடியில் வைத்து வாசிப்பவர் வித்துவான். மாட்டைக் கொல்வது பாவம் என்பார். மாட்டுத்தோல் இல்லாமல் மிருதங்கம் இல்லை. அந்தப் பாவத்தையும் நாற்றத்தையும் ஒரு சாதியின் தலையில் ஏற்றிவிட்டு, நாதத்தை மட்டும் மேடைக்கு எடுத்துச் சென்றார்கள். இதனைத் திறந்து பேசியதால் அந்நூலுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் கேளுங்கள். அதன் வெளியீட்டு விழாவுக்குச் சென்னைக் கலாக்ஷேத்திரா தன் அரங்கத்தைத் தர முதலில் இசைந்து, நூலின் ஒரு பகுதி நாளிதழில் வந்ததும் அந்த இசைவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பின்னர் 2020 பிப்ரவரியில் சென்னை ஆசிய இதழியல் கல்லூரியில் விழா நடந்தது. 1936-இல் லாகூரில் அண்ணல் அம்பேத்கர் நிகழ்த்தவிருந்த உரை ரத்து செய்யப்பட்டதும், அவர் அதனைத் தம் சொந்தச் செலவில் நூலாக்கியதும் நீங்கள் படித்தவையே. எண்பத்துநான்கு ஆண்டுகள் கழிந்தும் அரங்கக் கதவுகள் எப்படிப்பட்டவை என்பது தெரிகிறதல்லவா?

இங்கே ஒரு கேள்வி எழும். எழ வேண்டும். 'தலைமையாசிரியர் ஐயா, நம் பிள்ளைகளை மறுபடியும் தோல் வேலைக்கு அனுப்பச் சொல்கிறீர்களா?' என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான ஐயம். 1953-இல் இராஜாஜி அவர்கள் முதலமைச்சராக இருந்தபோது, பிள்ளைகள் அரைநாள் பள்ளியிலும் மிச்ச நேரம் பெற்றோர் தொழிலிலும் இருக்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். தந்தை பெரியார் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தார். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. கைவிடப்படாதிருந்தால் நான் இன்று உங்கள்முன் இந்தச் சட்டையோடு நின்றிருக்க மாட்டேன். அண்மையிலும் பாருங்கள்: 2023-இல் நடுவண் அரசு கொண்டுவந்த விசுவகர்மா திட்டத்தில், விண்ணப்பிப்பவர் குடும்பத் தொழிலைச் செய்பவராக இருக்க வேண்டும் என்றும், பதினெட்டு வயது நிரம்பினால் போதும் என்றும் இருந்தது. 2024 நவம்பரில் தமிழ்நாட்டு அரசு, குடும்பத் தொழில் என்னும் நிபந்தனையை நீக்குக, வயதை முப்பத்தைந்தாக உயர்த்துக என்று எழுதியது. பதினெட்டு வயது என்பது கல்லூரிக்குப் போகும் வயது. அந்த வயதில் ஒரு பிள்ளையின் கையில் கடன் பணத்தையும் அப்பன் தொழிலையும் ஒன்றாகக் கொடுத்தால் அவன் எங்கே போவான் என்பது ஆசிரியனாகிய எனக்கு நன்றாகவே தெரியும்.

சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமன்று, வேலை செய்கிற மனிதரைப் பிரித்து ஒருவர்மேல் ஒருவராக அடுக்குவது என்று அண்ணல் காட்டினார். அடுக்கினை உடைக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. பறையடிக்க மாட்டோம், செத்த மாட்டைத் தூக்க மாட்டோம் என்று நம் முன்னோர் ஊர் ஊராக மறுத்து நின்றது சரி. அது கட்டாயமாக இருந்தது. கூலியற்றதாக, இழிவோடு சேர்ந்ததாக இருந்தது. மறுத்தவர்கள் அடிபட்டார்கள், ஊரைவிட்டு விலக்கப்பட்டார்கள். அவர்களுடைய தியாகத்தால் கிடைத்த விடுதலையை ஒரு மூட்டுத் தோலுக்காக நான் விற்கச் சொல்லவில்லை.

ஆனால் அவர்கள் மறுத்தது இழிவை. நான் அந்த மாணவனிடம் மறுக்கச் சொன்னது அறிவை. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் போனது என் குற்றம். பறையையே எடுத்துக்கொள்ளுங்கள். இறப்பு வீட்டுக்கு மட்டும் உரியது என்று ஒதுக்கப்பட்டிருந்த அப்பறை, இன்று நம் பிள்ளைகள் விரும்பிக் கற்று மேடையேற்றும் கலையாக இருக்கிறது. மதுரை அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே பறை, அதே தோல், கட்டாயம் போயிற்று, அவ்வளவே. வாசிப்பவர்க்கு இவ்வாறு ஒரு வாசல் திறந்திருக்கிறது. செய்பவர்க்கு இன்னும் திறக்கவில்லை. அந்த வாசலைத் திறக்க நம் சங்கம் முயல வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

செபாஸ்டியன் குடும்பத்தை நினைக்குந்தோறும் எனக்கு இரண்டு எண்ணங்கள் ஒன்றாக வருகின்றன. தலைமுறை தலைமுறையாக ஒரு நுண்ணிய அறிவினைச் சிந்தாமல் கைமாற்றித் தந்தார்களே என்னும் பெருமிதம் ஒன்று. அதை விட்டுவிட அவர்களுக்கு வழியிருந்ததா என்னும் வருத்தம் மற்றொன்று. விட வழியிருந்தும் விடாமல் காத்தால் அதற்குப் பெயர் கலை. வழியில்லாமல் காத்திருந்தால் அதற்கு வேறு பெயர். அக்குடும்பத்தில் இரண்டும் கலந்தே இருந்திருக்கும். இன்று செயற்கைத் தோல் வந்துவிட்டது. வாருக்குப் பதிலாகத் திருகாணி முடுக்கும் மிருதங்கங்களும் வந்துவிட்டன. வரட்டும். எருமை வாரை இழுத்து இழுத்துத் தோள் தேய்ந்தவர்களுக்கு அது ஓய்வு. ஆயினும் தோலின் நாதத்துக்குப் பழகிய காதுகள் இன்னும் பழைய வாசலையே தேடி வருகின்றன என்று தொழில் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்.

என் மாணவன் கதையை முடித்துவிடுகிறேன். அன்று அவனுக்கு விடை சொல்லத் தெரியாத நான், அவனை அழைத்துக்கொண்டு திண்டிவனம் பக்கம் இத்தொழிலில் எஞ்சியிருந்த முதியவர் ஒருவரிடம் சென்றேன். அவர் என்னைத் திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டு, அவனைப் பார்த்து, "கையக் காட்டுப்பா" என்றார். பார்த்தார். "எழுதுற கை. ஆனா வெரல் நீளம் இருக்கு. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம வா" என்றார். எத்தனை பங்கு சோறு என்று நான் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "கல்லப் பொறுத்து, அரிசியப் பொறுத்து, அன்னிக்கி வெயிலப் பொறுத்துங்க வாத்தியாரய்யா" என்றார். அதுவரை ஒரே எண்ணில் விடை கிடைக்கும் என்று எண்ணியிருந்த நான், கையிலிருந்த குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டேன்.

அவன் வாரம் ஐந்து நாள் அலுவலகத்தில் கோப்பு எழுதுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே செல்கிறான். தானாகவே செல்கிறான்; போ என்று நானும் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை. முதலில் பூசிய கரணை மூன்றாம் நாளே வெடித்தது. இரண்டாவது, கூத்தின் நடுவில் உதிர்ந்தது. மிருதங்கக்காரர் மேடையிலேயே திட்டினாராம். மூன்றாவது நின்றது. இப்போது அவனே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, எந்தக் கல், எந்த அரிசி, எந்த மாதம், எத்தனை பூச்சு என்று எழுதி வருகிறான். நான் மூடி வைத்த குறிப்பேட்டை அவன் திறந்திருக்கிறான். கணக்கில் கெட்டிக்காரன் என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா?

பொறுப்பாளர்களிடம் நான் கேட்பது இதுவே. சங்கத்தின் நூலகத்தில் அந்த நோட்டுப் புத்தகத்துக்கு ஒரு படி வையுங்கள். அதன் பக்கத்தில் வெற்று நோட்டுகள் சிலவும் வையுங்கள். இங்கே வந்திருக்கும் இளைஞர்கள் வீட்டுக்குச் சென்றதும் தம் தாத்தா, பாட்டிமாரிடம் உட்கார்ந்து, பறைக்குச் சட்டம் வளைத்தவர் யார், தோல் கட்டியவர் யார், கூடை முடைந்தவர் யார், அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று கேட்டு, பெயரோடும் ஊரோடும் எழுதிக் கொண்டுவந்து தாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் கவலை வேண்டா. திருத்துவதற்கு நான் இருக்கிறேன். முதற்பக்கத்தில் அந்த மாணவனுடைய தந்தையார் பெயரை என் கையாலேயே எழுத விரும்புகிறேன். அவர் வீட்டுத் திண்ணைக்குச் சென்றபோது அவரிடம் பெயர்கூடக் கேட்காமல் வந்தவன் நான்.